80-ல் ஆல்ஃபா, 160-ல் பீட்டா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாயை விரிக்கப் போகும்போது தங்கை மகள் நோட்டும் கையுமாக வந்து நின்றாள். மாட்டுங்காவில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு. அவள் வீடு நாலு வீடு தள்ளி.

"மாமா, நாப்தலீனை 80 டிகிரியில சல்ஃபோனேஷன் பண்ணினா ஆல்ஃபா, 160-ல பண்ணினா பீட்டா. இதை மனப்பாடம் பண்ணிட்டேன். ஏன்னு கேட்டா 'தெர்மோடைனமிக் கன்ட்ரோல்'னு எழுதினாப் போதுமாம். எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இருபத்தெட்டு வருடம் இந்த ஒரு வினையை வைத்துத்தான் சோறு தின்றிருக்கிறேன். அதை ஒரு பிள்ளை இரண்டு எண்ணாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறாள் என்றால் மனசு கேட்காது. அன்று அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாப்தலீன் என்றால் வேறொன்றும் இல்லை, பீரோவில் துணிக்கு நடுவே போடும் அந்துருண்டைதான். பழைய வெள்ளை உருண்டை முழுக்க நாப்தலீன். இரண்டு பென்சீன் வளையம் ஒரு பக்கம் ஒட்டிப் பிறந்தது போன்ற அமைப்பு. அதில் அடர் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் வளையத்தில் ஒரு ஹைட்ரஜன் போய், அந்த இடத்தில் கந்தகத் தொகுதி உட்காரும். இதுதான் சல்ஃபோனேற்றம். உட்காரும் இடம் இரண்டு வகை. வளையங்கள் சேரும் முட்டுக்கு அடுத்த இடம் ஆல்ஃபா, அதற்கும் அடுத்தது பீட்டா.

இரண்டும் உண்டாகும் என்பது மிகப் பழைய சேதி. மைக்கேல் ஃபாரடே 1825-ல் பென்சீனைக் கண்டுபிடித்தார். மறு வருடமே நாப்தலீனைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, கிடைத்த அமிலத்தைப் பேரியம் உப்பாக மாற்றிப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு உப்பு வந்தது. ஒன்றைத் தீயில் காட்டினால் சுடர் விட்டு எரிந்தது, இன்னொன்று கனன்று மட்டும் போனது. பென்சீன் ஒரு வளையம் என்று கெக்குலே சொன்னது 1865-ல். அதற்கு நாற்பது வருடம் முன்னால், வளையம் என்ற எண்ணமே இல்லாத காலத்தில், எரியும் விதத்தை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, ஏன் 80-ல் ஒன்று, 160-ல் ஒன்று?

அவள் தினமும் லோக்கல் ட்ரெயினில் போகிறவள். அதனால் நாலாவது சீட்டை வைத்துச் சொன்னேன். மும்பை லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் ஒண்டிக்கொள்வது வழக்கம். ஏறினதும் சட்டென்று கிடைப்பது அந்த இடம்தான். ஆனால் பாதி உடம்பு நடைபாதையில் தொங்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் முட்டியை இடிப்பான். ஜன்னல் ஓரம் வசதி. ஆனால் அங்கே போய்ச் சேர நேரம் ஆகும். ஆல்ஃபா நாலாவது சீட். பீட்டா ஜன்னல் ஓரம்.

ஆல்ஃபாவில் சீக்கிரம் உட்கார முடிவதற்குக் காரணம், வினையின் நடுவழியில் இருக்கிறது. கந்தகம் வந்து ஒட்டும் கணத்தில் வளையத்தின் மின்கட்டமைப்பு கலைகிறது. ஆல்ஃபாவில் ஒட்டினால் அந்தக் கலக்கத்தைப் பல வடிவங்களில் பங்குபோட்டுக் கொள்ளலாம், பக்கத்து வளையமும் அதிகம் குலையாமல் தப்பிக்கும். அதனால் ஏற வேண்டிய மேடு தாழ்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் இடிபாடு. எதிர் வளையத்தில் 8-ஆம் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜன் நேராக வந்து முட்டுகிறது. கந்தகத் தொகுதியோ மூன்று ஆக்ஸிஜனைச் சுமந்த பருத்த ஆள். பீட்டாவில் இந்த இடி கிடையாது.

"அது சரி மாமா, நைட்ரேஷன்லயும் ஆல்ஃபாதான் வருது. அங்கேயும் 8-ல ஹைட்ரஜன் இருக்கே. அது ஏன் பீட்டாவுக்கு மாறல?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரியும். நைட்ரோ தொகுதி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், எழுந்திருக்காது. இடம் மாற வேண்டுமானால் முதலில் எழுந்திருக்கத் தெரிய வேண்டும். கந்தகத்துக்கு அது தெரியும்.

கந்தக டிரையாக்சைடு வளையத்தில் ஒரு கார்பனில் வந்து ஒட்டுகிறது. ஒரு கணம் அந்தக் கார்பன் ஹைட்ரஜனையும் கந்தகத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஹைட்ரஜன் விலகினால் விளைபொருள். கந்தகம் விலகினால் பழைய நாப்தலீன். நைட்ரோ ஏற்றத்தில் முன்வாசல் வழியாகப் போவது மிகச் சுலபம், பின்வாசல் மலையேற்றம். சல்ஃபோனேற்றத்தில் இரண்டு வாசலிலும் படி ஏறக்குறைய ஒரே உயரம். இதற்கு ஒரு சாட்சி உண்டு. வளையத்து ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான உடன்பிறப்புகளான டியூட்டீரியத்தையோ டிரிட்டியத்தையோ வைத்தால் நைட்ரோ ஏற்றத்தின் வேகம் மாறுவதில்லை. சல்ஃபோனேற்றம் கொஞ்சம் மட்டுப்படும். ஹைட்ரஜன் விலகும் படியும் வேகத்தில் பங்கு வகிக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

விளைபொருளைத் திரும்பச் சூடான அமிலத்தில் போட்டால் கதை பின்னோக்கி ஓடும். கந்தகம் இருக்கும் அதே கார்பனில் ஒரு புரோட்டான் வந்து ஒட்டும், கந்தகம் கழன்று போகும். 80 டிகிரியில் இப்படிக் கழல்வதற்கு யாருக்கும் தெம்பு இல்லை, ஏறினவன் ஏறின இடத்தில் இருப்பான். 120-ஐத் தாண்டும்போது பாதிக்குப் பாதி என்று ஆகிறது. 160-ல் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, கடைசியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஜன்னல் ஓரத்தில் இருப்பார்கள். முதலில் ஆல்ஃபா உண்டாகி, அது கழன்று, பிறகு பீட்டாவாக ஒட்டுகிறது. "தெர்மோடைனமிக் கன்ட்ரோல்" என்ற இரண்டு வார்த்தைக்குள் அடைத்து வைத்திருப்பது இவ்வளவுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துப் பாஸ் செய்தேன். புரிந்துகொண்டது அம்பர்நாத்தில், ஒரு ராத்திரி ஷிஃப்டில்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். சயான் ஸ்டேஷனில் அம்பர்நாத் ஸ்லோ பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். கம்பெனியின் சரக்கு, கான்கிரீட்டில் சேர்க்கும் ஒரு பழுப்புத் தூள். நாப்தலீனைச் சல்ஃபோனேற்றம் செய்து, ஃபார்மால்டிஹைடால் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து, காஸ்டிக்கால் நடுநிலையாக்கினால் அது கிடைக்கும். 1960-களில் ஜப்பானில் கான்கிரீட்டுக்கு வந்தது. இதைக் கொஞ்சம் போட்டால் சிமென்ட் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், குறைந்த தண்ணீரிலேயே கான்கிரீட் கூழ்போல ஓடும். இந்த ஊரில் உயரக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அந்த ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்று ரெடிமிக்ஸ் வண்டிக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

அந்தச் சங்கிலி நீளமாக வளர பீட்டா வேண்டும். ஆல்ஃபா நடுவில் புகுந்தால் கோர்வை சரியாக வராது. அதனால் செய்முறையிலேயே ஒரு படி உண்டு. 160-ல் சல்ஃபோனேற்றம் முடிந்ததும் 120 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கி, தண்ணீர் சேர்த்துக் கொஞ்ச நேரம் வைப்பார்கள். இடிபாட்டில் இருக்கும் ஆல்ஃபாதான் முதலில் கழலும், பீட்டா அசையாது. கழன்ற நாப்தலீன் நீராவியோடு மேலே வரும். பீட்டா நாப்தால் செய்கிற சாயத் தொழிலிலும் இதே வழக்கம்தான். நீராவி ஊதி ஆல்ஃபாவை விரட்டி, நாப்தலீனைப் பிடித்து அடுத்த பேட்சுக்கு வைத்துக்கொள்வார்கள்.

அன்று ராத்திரி ரியாக்டரைச் சூடாக்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் பழுதாகி, வெப்பம் 127, 128-லேயே மணிக்கணக்கில் நின்றது. விடிவதற்குள் பேட்ச் முடிய வேண்டும். சாம்பிள் எடுத்து அமில அளவு டைட்ரேஷன் செய்து பார்த்தேன். சரியாக இருந்தது. நாப்தலீன் எல்லாம் வினையில் போய்விட்டது, பிறகென்ன என்று தண்ணீரைத் திறந்துவிட்டேன். டைட்ரேஷனுக்கு ஆல்ஃபாவும் ஒன்றுதான், பீட்டாவும் ஒன்றுதான். அதை நான் யோசிக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே பனி பெய்வதுபோல வெள்ளைச் செதில். நாப்தலீன் 80 டிகிரியிலேயே உறைந்துவிடும், கொஞ்சம் குளிர்ந்த குழாய் கிடைத்தாலும் அப்பிக்கொள்ளும். கண்டென்சர் வாயெல்லாம் வெள்ளை. ஆவி வெளியேறும் வென்ட் லைனைத் தட்டிப் பார்த்தால் அடைத்த சத்தம். பிரஷர் கேஜ் முள் மெல்ல நகர ஆரம்பித்தது. அடியில் டன் கணக்கில் கொதிக்கும் அமிலம், மேலே மூச்சுவிட வழியில்லாத பாத்திரம். என் கை நடுங்கியதை இன்றைக்கும் உணர முடிகிறது.

ஷிஃப்ட் இன்சார்ஜ் நாகர்கோவில்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஓடி வந்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தண்ணீரை அடைக்கச் சொன்னார், வென்ட் லைனைச் சுற்றியிருந்த நீராவிக் குழாயைத் தானே திறந்தார். செதில் உருகி வழிந்து, அடைப்பு விட்டு, முள் இறங்கிய பிறகுதான் பேசினார்.

"எத்தனை டிகிரில நின்னுச்சு?"

"128, அண்ணாச்சி."

"அப்ப பாதி ஆல்ஃபால்லா இருக்கும். கழண்டு மேல வந்துட்டு. சரி, ஒண்ணும் கெட்டுப் போகல. திருப்பி ஏத்து."

பேட்ச் போச்சு, வேலையும் போச்சு என்று இருந்தவன் நான். அவர் அடுப்பில் குழம்பு தண்ணியாகிவிட்டது, கொஞ்சம் கொதிக்க விடு என்பதுபோலச் சொன்னார். விடிகாலையில் ஹீட்டர் சரியானது. மெதுவாக 160-க்கு ஏற்றினோம். சேர்த்த தண்ணீர் ஆவியாக வெளியேறியது, கூட வந்த நாப்தலீன் சூடான கண்டென்சரிலிருந்து திரும்ப உள்ளே சொட்டியது. தண்ணீர் போகப்போக அமிலம் மறுபடி கெட்டியானது. கழன்று வந்த நாப்தலீன் மறுபடி அமிலத்தைப் பிடித்தது, இந்த முறை பீட்டாவில். மூன்று மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, 120-க்கு இறக்கி, தண்ணீர் விட்டோம். கண்ணாடியில் மெல்லிய மூடாப்பு மட்டும். அவ்வளவுதான்.

அண்ணாச்சி அன்று டீ குடித்துக்கொண்டே சொன்ன கணக்கை இன்றும் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு கந்தகம் ஒட்டும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு பிறக்கிறது. அந்தத் தண்ணீரே வினைக்கு எதிரி. பென்சீனில் அமிலம் சுமார் 78 சதவீதத்துக்கு நீர்த்துவிட்டால் சல்ஃபோனேற்றம் நின்றுவிடும், மிச்ச அமிலம் சும்மா கிடக்கும். முன்னேற வேண்டுமா, தண்ணீரை விரட்டு, அல்லது ஓலியம் (கந்தக டிரையாக்சைடு கரைந்த கந்தக அமிலம்) போடு. பின்வாங்க வேண்டுமா, தண்ணீரும் நீராவியும் கொடு. பழைய காலத்து ஃபீனால் ஆலைகளில் சூடான பென்சீன் ஆவியையே அமிலத்துக்குள் ஊதி, அது வெளியே வரும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வருமாறு செய்தார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் தங்கை மகள் கேட்டாள்: "அப்ப துணி துவைக்கிற பவுடர்லயும் பென்சீன் வளையத்துல கந்தகம்தானே மாமா இருக்கு? பக்கெட் முழுக்கத் தண்ணி. அது ஏன் கழண்டு போகல?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். கழல்வதற்குத் தண்ணீர் மட்டும் போதாது, கந்தகம் இருக்கும் கார்பனில் புரோட்டான் வந்து முட்ட வேண்டும். அதற்குச் சூடும் வேண்டும், வலுவான அமிலமும் வேண்டும். பக்கெட்டில் இருப்பது பச்சைத் தண்ணீரும் காரமும். அங்கே கந்தகம் அசையாது, அது பாட்டுக்கு அழுக்கை எடுக்கும்.

அப்புறம் இந்த வினையின் ஆக அழகான உபயோகத்தைச் சொன்னேன். ஃபீனாலில் புரோமின் நீரை விட்டால் உடனே வெள்ளையாகத் திரிந்து விழும். 2, 4, 6 மூன்று இடத்திலும் புரோமின் ஏறிவிடும். பிளஸ் டூ லேபில் எல்லாரும் பார்த்ததுதான். உங்களுக்கு 2-ஆம் இடத்தில் மட்டும் ஒரே ஒரு புரோமின் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஃபீனாலை முதலில் கந்தக அமிலத்தோடு சூடாக்க வேண்டும். 4-லும் 2-லும் கந்தகம் போய் உட்காரும். இப்போது காரக் கரைசலில் புரோமினை விட்டால் அதற்குக் கிடைப்பது மிச்சமிருக்கும் ஒரே இடம், 6. ஹைட்ராக்சிலுக்கு இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 6, இரண்டும் ஒன்றுதான். பிறகு நிறைய கந்தக அமிலம் சேர்த்து 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி நீராவியை விட்டால், கந்தகம் இரண்டும் கழன்று போகும், ஆர்த்தோ புரோமோஃபீனால் நீராவியோடு எண்ணெயாக வடிந்து வரும். பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை. ஆள் வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிடலாம். வேறு எந்தத் தொகுதி இவ்வளவு சுலபமாக இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தடமில்லாமல் போகும்?

சைலீன்களைப் பிரிக்கவும் ஒரு காலத்தில் இதுதான் கை கொடுத்தது. மூன்று சைலீனும் கொதிக்கும் வெப்பநிலை பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, வடித்துப் பிரிப்பது பெரும்பாடு. மெட்டா சைலீன்தான் மூன்றிலும் வேகமாகக் கந்தகத்தைப் பிடிக்கும், குறைந்த சூட்டிலேயே விட்டுவிடவும் செய்யும். பிடிக்க வைத்து அமிலத்தோடு பிரித்து, பிறகு விட வைத்தால் மெட்டா தனியே கிடைத்துவிடும்.

தங்கை மகள் படிக்கும் அதே மாட்டுங்காவில்தான் ஐ.சி.டி. என்ற கெமிக்கல் டெக்னாலஜிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. 1933-ல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன். 1938-லிருந்து 1957 வரை இருந்தார், சாய வேதியியலில் உலகம் மதித்த மனிதர். மும்பையைச் சுற்றி வளர்ந்த சாயத் தொழிலுக்கு ஆள் தயார் செய்த இடம் அது. சாயம் தண்ணீரில் கரைய வேண்டுமென்றால் பெரும்பாலும் அதில் கந்தகத் தொகுதி இருக்கும். எச்-ஆசிட் என்ற ஒரு இடைப்பொருள் இல்லாமல் எத்தனையோ கறுப்பும் நீலமும் கிடையாது. அதைச் செய்ய நாப்தலீனில் முதலில் மூன்று கந்தகத்தை ஏற்றி, நைட்ரோவை ஏற்றி, அமீனாக்கி, கடைசியில் ஒரு கந்தகத்தைக் காஸ்டிக்கால் பெயர்த்து அங்கே ஹைட்ராக்சிலை வைப்பார்கள். மூன்றும் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது சூடும் அமிலத்தின் கெட்டியும்தான். அந்த வளாகத்தைத் தாண்டித்தான் அவள் தினமும் நடக்கிறாள். அடுத்த முறை நின்று பார்த்துவிட்டுப் போ என்று சொன்னேன்.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவள் தாத்தாவைப் பற்றியது.

அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். தோல் பதனிட வாட்டில் மரப்பட்டைச் சாறு போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு பழுப்புத் தூள் போடுவது உண்டு. அதைப் போட்டால் வாட்டில் அடியில் தங்காமல் தோலுக்குள் சீராக இறங்கும் என்பார். சின்டான் என்று பேர். மூட்டையை அவர்தான் தூக்குவார். வீட்டுக்கு வரும்போது சட்டையில் அந்தத் தூள் இருக்கும், தோல் நாற்றமும் இருக்கும். அம்மா வாசலிலேயே சட்டையை வாங்கி வாளியில் போட்டுவிடுவாள்.

அம்பர்நாத்தில் அந்த ராத்திரி தப்பித்த பேட்ச் உலர்ந்து தூளானதும், ஒரு சின்ன பொட்டலம் சாம்பிள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சொம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டை விரலால் தேய்த்தார். தூள் கரைந்து ரேகைகளில் பழுப்பாக ஓடியது. மூக்குக்குக் கிட்டே கொண்டு போனார்.

"ஏல, இது வாட்டிலுக்கு முன்னால போடுற சின்டான்லா? கட்டடத்துக்குன்னு சொன்ன?"

"ரெண்டுக்கும் ஆகும்பா. அந்துருண்டையில இருந்துதான் வருது."

"அந்துருண்டையா?" என்றார். மறுபடி முகர்ந்து பார்த்தார். "அந்த வாசமே இல்லியே."

அன்று இரவு வெகு நேரம் அவருக்குக் கந்தகம் ஏறுவதையும் கழல்வதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையை இன்னும் கழுவவில்லை.